துணியில்லாத பிரேம்

துணியை இன்னொரு முறை மாற்றச் சொன்னான்.

லைட்மேன் மாசிலாமணி எதையோ முனகிக்கொண்டே கிளிப்புகளைக் கழற்றினார். சில்க் துணி இறங்கியது. மல் துணி ஏறியது.

ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்கு. உள்ளே, ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், துணி கட்டிய பிரேம். அந்தத் துணியைப் பொறுத்துத்தான் நாற்காலியில் இருப்பவளின் மதியம் எப்படிப்பட்டது என்பது முடிவாகும்.

நாற்காலியில் அவள் இருந்தாள்.

நடிக்க வேண்டிய ஆதிரை இன்னும் மேக்கப் அறையிலிருந்து வரவில்லை. லைட் பார்க்க ஒரு முகம் வேண்டும். "நான் உக்கார்றேன் சார்" என்று இயக்குநரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சார்.

அவன் மனைவியாக இருந்தபோது 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். பிரிந்து இத்தனை வருடம் கழித்து அவள் எடுக்கும் முதல் படம். கேமராவுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

காட்சி சின்னது. ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள். போவதற்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறாள். வசனம் கிடையாது.

படித்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, அது எந்த ஜன்னல் என்று.

அந்த மதியத்தை அவன் பத்திரமாக வைத்திருந்தான். பால் மாதிரி வெளிச்சம். காலடியில் பெட்டி. கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டது.

போனாள்தான். ஆனால் அழுதுவிட்டுத்தான் போனாள்.

இத்தனை வருடமும் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

சின்ன பிரேமில் மூக்கின் நிழல் கோடு கிழித்த மாதிரி விழுந்தது. பெரிய பிரேமைக் கொண்டுவரச் சொன்னான். சோபாவைச் சமையலறை வாசலுக்குத் தள்ளிய பிறகுதான் அது ஹாலுக்குள் நுழைந்தது. பட்டர் பேப்பரில் முகம் தட்டையாகிப்போனது. சில்க்கில் தேவையில்லாத மினுமினுப்பு. புது மல் துணியில் கஞ்சி போகவில்லை, வெளிச்சமும் மொடமொடவென்று இருந்தது.

பல தடவை துவைத்துப் பழுத்துப்போன மல் துணி ஒன்று லைட் சாமான் பெட்டிக்கடியில் கிடந்தது. அதைக் கட்டியதும் அவள் கன்னத்தில் மெல்ல அந்தப் பால் இறங்கியது.

கிடைத்துவிட்டது.

அவள் எதிரிலிருந்த மானிட்டரில் தன்னையே பார்த்தாள்.

"சார், யாருக்கு லைட் பண்றீங்க? அவ வீட்ட விட்டுப் போறா. பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காப்பி கொண்டுவரல."

மாசிலாமணி சத்தமாகவே சிரித்தார். அவனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். "அந்த நேரத்துல இப்படித்தான் இருக்கும்."

"இருக்காது. சுள்ளுனு இருந்துச்சு. துணிய எடுங்க."

துணி இறங்கியது.

வெற்று பிரேம் வழியாக வெளிச்சம் அப்படியே அவள்மேல் விழுந்தது. காதோரம் நரை தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருமை தெரிந்தது. அவன் ஞாபகத்தில் இருந்த எந்த வெளிச்சத்திலும் இந்த முகம் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்கள் நிறைந்தன. வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"என்ன?" என்றான்.

"கூசுது. வெயில் பட்டா எனக்கு எப்பவுமே தண்ணி வரும். உனக்குத் தெரியாதா?"

இந்த முறை 'சார்' இல்லை.

தெரியாது. எத்தனையோ வெயிலில் சேர்ந்து அலைந்திருக்கிறார்கள். நண்பனின் பைக்கில், கடற்கரையில், வீடு தேடிச் சாலிகிராமம் தெருக்களில். ஒரு தடவையும் பார்த்த ஞாபகம் இல்லை. வரவில்லையா, அவன்தான் பார்க்கவில்லையா?

அப்படியானால் அன்றைக்கு...

மல் துணியை மடித்தான். ஓரங்கள் சேரவில்லை. உதறி மறுபடி மடித்தான்.

ஆதிரை வந்ததும் அவள் எழுந்து இடம் கொடுத்தாள்.

"மேம், இதுல நான் அழணுமா? கிளிசரின் கேக்கட்டா?"

"வேணாம்மா. ஜன்னலையே பாரு. மத்தத லைட் பாத்துக்கும்."

கேமரா ஓடியது. அவள் வந்து அவன் தோளருகில் நின்றாள்.

ஆதிரை ஜன்னலைப் பார்த்தாள். அதே நாற்காலி. அதே விளக்கு. நடுவில் ஒரு நூல்கூட இல்லை.

இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்கள் காய்ந்தே இருந்தன.

கட் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

அவனும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால், பக்கத்தில் நிற்பவளைப் பார்க்க வேண்டியிருக்கும்.