மொட்டை மாடிப் பீர்க்கங்கொடி

ஆபீஸிலிருந்து வந்த ஜோதிலிங்கம், துவாரகா ஃப்ளாட்டின் மொட்டை மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

“இந்திரா! நீ எடுத்துட்டுப் போகச் சொன்ன பழனிப் பஞ்சாமிர்தத்தை எங்க ஆபீசர் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாப்பிட்டார். தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கேட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல போன்ல சொல்றாராம்!”

“இங்கயும் நல்ல சேதிதாங்க!”

பீர்க்கங்கொடியில் தொங்கிய பாட்டிலைக் காட்டினாள் மனைவி இந்திராணி. பிஞ்சுகளைக் குத்திக் கெடுத்துவந்த பழ ஈக்கள் அதற்குள் செத்து விழுந்திருந்தன.

“என்ன வச்சுப் பிடிச்ச?”

“கனிஞ்ச வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தேன். அதை ஊத்தி, பூச்சிமருந்து கலந்தேன்.”

பாட்டிலை உற்றுப் பார்த்தவரின் முகம் வெளிறியது.

“பேரீச்சம்பழமும் கற்கண்டும் எதுக்குடி போட்ட?”

“நான் எங்க போட்டேன்? ஐயோ! இது பஞ்சாமிர்தம்ல! அப்ப நீங்க ஃப்ரிட்ஜ்லேருந்து எந்த டப்பாவை எடுத்துட்டுப் போனீங்க?”

“அதுல மருந்து கலந்தியா?”

“இல்லைங்க. பாட்டில்ல ஊத்தினப்புறம்தான் கலந்தேன்.”

போன் அடித்தது. ஆபீசர்தான். “அச்சா சார், அச்சா சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார் ஜோதிலிங்கம்.

“என்னங்க சொன்னார்?”

“லீவு குடுத்துட்டார். போன வருஷப் பஞ்சாமிர்தத்தைவிட இது பிரமாதமாம். அவரோட வீட்டுக்காரம்மாவுக்கு இன்னொரு டப்பா வேணுமாம். ஜல்தி, அந்த வாழைப்பழத்தைப் பிசை!”