ஆளைச் சுட்டால் அவுட்டு

பன்றி வந்தால் சுட வேண்டும். ஆள் வந்தால் விட வேண்டும். ஆளைச் சுட்டால் அவுட்டு. அவ்வளவுதான் ஆட்டம்.

சின்னதம்பி துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி. உள்ளே நானும் அவனும்தான். மற்றவர்கள் வாசலில், வெயிலில்.

படம் காட்டும் மிஷினில் முதல் கண்ணாடியைத் தள்ளினேன்.

சுவரில் பன்றி. டப்.

கண் மூடித் திறக்கிற நேரம்தான் படம் நிற்கும். அதற்குள் இன்னதென்று தெரிந்து சுட வேண்டும்.

சாமை கொட்டி வைத்திருந்த அறை அது. ஜன்னலுக்குச் சாக்கு அடித்துப் பட்டப்பகலில் இருட்டாக்கினேன். எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டூரிங் கொட்டகையில் படத்துக்கு முன்னால் விளம்பரம் காட்டுவார்களே, அந்த மிஷின். கொட்டகையை மூடிவிட்ட கண்ணமங்கலத்து உஸ்மான் பாய் கொடுத்தார். கண்ணாடியில் பன்றியும் ஆளும் எழுதித் தரச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாத்துக்குப் பெரியவரே? வயசான காலத்துல வெளையாட்டா?"

ஆமாம் என்றேன். யாரிடமும் உள்ளதைச் சொல்லிப் பழக்கம் இல்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது சின்னதம்பிதான். மூன்று வருடமாக என் நிலத்தில் ஏர் ஓட்டுவதும் அவன்தான்.

என் மகன் வேடியப்பன் பங்குனி வேட்டையில் புதரடியில் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். சின்னதம்பி சுட்டான். ரவை பாய்ந்து தாடை இல்லாமல் போனது. துண்டால் சுற்றிக் கட்டி நான்தான் தூக்கி வந்தேன்.

பன்றி என்று நினைத்தேன் என்றான். ஊர் நம்பியது. போலீசு மலை ஏறி வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். வேண்டுமென்று கொன்றவனை ஊரை விட்டுத் தள்ளுவார்கள். தெரியாமல் கொன்றவன், செத்தவனுடைய அப்பனுக்கு ஏர் ஓட்ட வேண்டும். அப்பன் சாகும் மட்டும்.

வேட்டைக்குப் பத்து நாள் முன்புதான் எல்லைப் புளியமரத்துக்காக வேடியப்பனும் சின்னதம்பியும் அரிவாள் தூக்கினார்கள். ஊர் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை. ஆனாலும் நிச்சயமாக எதுவும் தெரியாது. அவனுக்குக் களி போட்ட ஒவ்வொரு நாளும் அவன் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த மிஷின்.

ஒரு மாதமாக மலையே வந்து சுட்டது. ஜெயித்தால் சேவல். ஊர்க்கவுண்டன் சடையன், கரடி சுட்ட கை, மூன்றாவது படத்திலேயே விறகுக்காரியைச் சுட்டு அவுட்டானான். நானே நாலு ஆளைச் சுட்டேன். தப்பாமல் ஆடியவன் ஒருத்தன் இல்லை. இருட்டில் யாருக்கும் கண் தப்பும் போலிருக்கிறது, சின்னதம்பியை நம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவன் மட்டும் ஆட வராமல் இருந்தான். இன்றைக்குத்தான் வாசலில் இருந்தவர்கள் கேலி செய்து உள்ளே தள்ளினார்கள்.

"இன்னாடா, சுவத்துப் பன்னி உன்ன முட்டிடுமா?"

பன்றி. டப். விறகுக்காரி. சும்மா நின்றான்.

பன்றி. டப். பன்றி. டப். ஆடு மேய்க்கிறவன். சும்மா நின்றான்.

இருபத்துநாலு படம். ஒரு தப்பு இல்லை.

கடைசிக் கண்ணாடியைத் தள்ளினேன். புதருக்குள் குனிந்து கிழங்கு தோண்டுகிறவன். முதுகு மட்டும்தான் தெரியும். அதுவரை தாக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் இதில்தான் விழுந்தார்கள்.

சின்னதம்பி துப்பாக்கியை இறக்கினான். சிரித்தான்.

"இது ஆளு மாமா. முதுகப் பாத்தா தெரியாதா?"

சொன்ன பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை.

"போயி ஓட்டையக் காட்டுடா" என்றேன். சுட்ட இடத்தைச் சுவரில் தொட்டுக் காட்டினால்தான் சேவல்.

போனான். முதல் கண்ணாடியைத் திரும்பவும் தள்ளினேன். அவன் வெள்ளைச் சட்டை மேல் பன்றி விழுந்தது. வெளிச்சம் பட்டதும் திரும்பினான். மூஞ்சியெல்லாம் பன்றி.

மிஷினுக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் என் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஒரு மாதமாக மருந்து கெட்டித்தபடியே இருந்தது.

அறை முழுக்கப் புகை. அவன் அடித்த சுண்ணாம்பில் அவனே வழிந்தான். கீழே விழுந்து காலை இரண்டு தரம் உதைத்தான். மிஷின் விளக்கு அணையவில்லை. சுவரில் பன்றி அப்படியே நின்றது.

சடையன் ஊரைக் கூட்டினான்.

"பன்னின்னு நெனச்சியா?"

"அவம்மேல பன்னி இருந்துச்சு. வாசல்ல நின்னவங்களக் கேளு."

கேட்டார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தவர்கள், ஆமாம், பன்றி இருந்தது என்றார்கள்.

பிறகு மூன்று வருடம் முன்பு சொன்ன அதே தீர்ப்பைச் சொன்னார்கள்.

எனக்கு எழுபது வயது. விடிந்தால் சின்னதம்பியின் அப்பன் நிலத்தில் ஏர் பூட்ட வேண்டும்.

களி போடும்போது அந்த அப்பன் என் கண்ணைப் பார்ப்பான்.

பார்க்கட்டும்.