ராஜா கக்கத்தில் இடுக்கியது

"செருப்புதான்யா! நான் செருப்புன்னா செருப்புதான்!"

அப்பா போனில் போட்ட சத்தத்தில், தெருவோடு போன ஒருவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மகள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"குடை! காது மந்தமான மனுஷா, குடை!" ஸ்பீக்கரில் பதிலுக்குக் கத்தியவர் அவளுடைய தாய்மாமா.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. சொத்துத் தகராறு என்றால்கூட வெளியில் சொல்லிக்கொள்ளலாம். இது ஒரு பாட்டுத் தகராறு.

அந்தக் காலத்து ரேடியோ பாட்டு. எப்போதோ நடந்த ஒரு கோட்டைச் சண்டையைக் கிண்டலடித்து எழுதியது. 'டமால் டுமீல் பீரங்கி, தடால் புடால் சிப்பாய்' என்று ஆரம்பிக்கும். சரித்திரப் புத்தகத்தில் அந்தச் சண்டைக்கு ரெண்டே வரி. பாட்டோ ஒரு தலைமுறையின் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாமா பரீட்சையில் அந்தப் பாட்டையே விடையாக எழுதி முட்டை வாங்கியவர்.

பாட்டில் பின்வாசல் வழியாக ஓடுகிற ராஜா கக்கத்தில் எதை இடுக்கிக்கொண்டார்? அதுதான் தகராறு.

"போனை வைய்யா, உன்கிட்ட மனுஷன் பேசுவானா!" என்று அப்பா வைத்தார்.

"ஏம்பா, வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கக் கூடாதா? அம்மா போனப்புறம் அம்மா வழியில எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவரும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?"

"போகட்டுமே" என்றார் அப்பா, வீம்பாக.

அவள் இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவதென்று, பழைய இசைத்தட்டு விற்கிற கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கினாள். சனிக்கிழமை ஒரு கடைக்காரர் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக் காட்டினார்.

கேட்டுவிட்டுக் கடை என்றும் பாராமல் சிரித்துவிட்டாள். செருப்பும் இல்லை, குடையும் இல்லை. ராஜா இடுக்கிக்கொண்டு ஓடியது தலகாணி!

ரெண்டு பேருமே தோத்தாச்சு. இனி சண்டைக்கு வேலையே இல்லை. போனில் பதிவு செய்து, அங்கிருந்தே மாமாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பாட்டை ஓடவிட்டாள்.

அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. ராஜா பின்வாசலுக்கு வந்தார். பாடகர் வாயைத் திறப்பதற்குள் அப்பா பாடிவிட்டார்: "தலகாணிதான்!"

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? உங்கம்மா இந்த வரியப் பாடித்தான் தலகாணிய எம்மேல விட்டெறிவா."

"அப்புறம் எதுக்கு இந்தச் செருப்புச் சண்டை?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ போன புதுசுல உன் மாமன் போன் பண்ணுவான். 'நல்லாருக்கீங்களா மச்சான்?'பான். 'இருக்கேன்'பேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வராது, அழுகைதான் வரும். ஒரு நாள் இந்தப் பாட்டைச் சொல்றப்போ வாய் தவறிச் செருப்புன்னுட்டேன். பாவி, குடைன்னு ஒரு மணி நேரம் சண்டை போட்டான். அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் அழாம போனை வச்சோம்."

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"பாவம், அவன் நெஜமாவே குடைன்னு நம்பிக்கிட்டிருக்கான். இதை அவனுக்கு அனுப்பிக் கினுப்பி வைக்காதே."

"அப்பா... நேத்தே அனுப்பிட்டேன்."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "போச்சு. இனி அவன் எதைச் சொல்லிக் கூப்பிடுவான்?"

வழக்கமாகப் போன் வருகிற நேரம் வந்தது, போனது. அப்பாவின் போன் வாயைத் திறக்கவில்லை. அவர் அதை எடுத்துப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார். தானே கெடுத்துவிட்டோமே என்று அவள் சமையலறைக்குள் போய் நின்றாள்.

அவளுடைய போன் அடித்தது. மாமா.

"மாமா, அந்தப் பாட்டு..."

"அப்பா பக்கத்துல இருக்காரா?" மாமாவின் குரல் ரகசியமாக வந்தது.

"இல்ல."

"நீ அனுப்பினதக் கேட்டுட்டு அப்பவே அழிச்சுட்டேன். அந்த இசைத்தட்டு சின்ன வயசுலேர்ந்தே என் பீரோவுலதான் இருக்கு. உங்கப்பாகிட்ட தலகாணின்னு மூச்சு விட்டுடாதே, மனுஷன் அந்தச் செருப்பை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கார். சரி, போனை அவர்கிட்ட குடு... யோவ் மச்சான், குடைய்யா!"