கம்பத்தின் வாசனை

பள்ளிக்கூடத் தெருவும் குளத்துத் தெருவும் சேரும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம். மழை விட்டிருந்தது.

பள்ளிக்கூடத் தெரு நாய்களுக்குத் தலைவர் மொட்டைவால். குட்டி போட்டிருந்த செவலை அதனிடம் கேட்டது: "கல்யாண மண்டபத்து எச்சில் இலை முழுக்க நீங்களே வழிச்சுத் தின்னா, எனக்கு எப்படிண்ணே பால் ஊறும்?"

மற்ற நாய்களும் உறுமின.

மொட்டைவால் சட்டென்று கம்பத்தைப் பார்த்துக் குரைத்தது. "குளத்துத் தெருக்காரன் இப்பத்தான் நம்ம கம்பத்துல காலைத் தூக்கிட்டான்டா!"

அவ்வளவுதான். எல்லாம் பாய்ந்து ஓடின. எதிர்த்தெரு நாய்களும் வந்தன. பசியை மறந்து செவலையும் தொண்டை கட்டக் குரைத்தது.

கூட்டம் கலைந்தபோது, எதிர்த்தெருக் குட்டி ஒன்று வழி தவறி வந்து செவலையின் மடியை முட்டியது. செவலை ஒருக்களித்துப் படுத்து, அதை நக்கிக் கொடுத்தது.

குட்டியைத் தேடி வந்த தாய் தயங்கி நின்றது. அதற்கும் வயிறு ஒட்டியிருந்தது.

"குடிக்கட்டும், இரு. உங்க தெருவுல இந்தச் சண்டை எப்படி ஆரம்பிச்சது?"

"எங்க தலைவர்கிட்ட சோறு கேட்டேன்க்கா. உடனே கம்பம் போச்சுன்னு கத்தினாரு."

செவலை எழுந்துபோய், முதல்முறையாகக் கம்பத்தை மோந்து பார்த்தது. மழைத்தண்ணீர் வாசனை மட்டும்தான் இருந்தது.