அலமாரிக்குத் திரும்பிய சாக்ஸ்

அந்தக் கடலோர விடுதியில் குப்பைத்தொட்டியே கிடையாது. வேண்டாததை வாசல் அலமாரியில் வைத்துவிட வேண்டும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஊர் சுற்ற வந்தவர்கள் செருப்பு, தொப்பி, பாதி படித்த புத்தகம் என்று விட்டுப் போவார்கள்.

கணவரோடு வந்து தங்கியிருந்த அவள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு ஜோடி குட்டி சாக்ஸை வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றிலிருந்த பிள்ளைக்காகப் பின்னியது. பிள்ளை தங்கவில்லை. சாக்ஸ் மட்டும் பைக்குப் பை மாறி அவளோடு வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சாக்ஸைக் காணோம். எந்தக் குழந்தைக்கு எடுத்தார்கள் என்று விசாரித்தாள்.

"இங்க குழந்தையே இல்லையேம்மா," என்றாள் விடுதிக்காரி. "எல்லாம் அடுக்குக் கட்டிலு. குழந்தைங்கள நாங்க சேர்க்கறதே இல்ல."

கிளம்புகிற அன்று சாக்ஸ் அதே இடத்தில், ஒழுங்காக மடித்தபடி இருந்தது. எடுத்து உதறினாள். கடல்மணல் கொட்டியது. குதிகால் இரண்டும் நடந்து நடந்து நைந்திருந்தன. கட்டைவிரல் பக்கம் ஓட்டை.

பஸ்ஸுக்குக் கிளம்பப் பையைத் தூக்கிய கணவர் அதைக் கீழே வைத்தார். அவள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சிரித்தாள்.

"பஸ்ஸுக்கு நாளைக்குப் போவோங்க," என்றாள். "கடைத்தெருவுல நூல்கண்டு வாங்கணும். கால் வளர்ந்துடுச்சு."