ரகசியக் கேள்வி

"நான் எந்த டாக்டர்கிட்ட போறேன், என்ன மாத்திரை போடுறேன்னு எங்க ஸ்கூலுக்கே தெரிஞ்சிருக்கு சார். இங்கேயிருந்து போகாம வேற எங்கேயிருந்து போயிருக்கும்?"

மருத்துவமனையின் ஆவணப் பிரிவில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள் நீச்சல் டீச்சர். குரலை உயர்த்தக் கூடாது என்று படியேறும்போதே நினைத்துக்கொண்டுதான் வந்தாள். முடியவில்லை.

பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளம்தான் அவள் உலகம். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற பிள்ளைகளை ஒரே மாதத்தில் கரையேற மறுக்க வைத்துவிடுவாள். அம்மா இறந்த பிறகு அவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மனநல மருத்துவரைப் பார்த்தாள், மாத்திரை போட்டாள், தேறிவிட்டாள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒளிப்பதும் சொல்வதும் அவள் இஷ்டம் அல்லவா? இன்ன மாத்திரை என்று கணவனுக்குக்கூடச் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை பள்ளி நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினார். மாத்திரையின் பெயரை, எத்தனை மில்லிகிராம் என்பது வரைக்கும் ஒப்பித்தார். யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதியிருந்தார்களாம். தண்ணீரில் சின்னப் பிள்ளைகளை நம்பி விடலாமா என்று கேட்டிருந்தார்களாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? நாளை காலை நிர்வாகக் குழு கூடுகிறது. அந்த விவரம் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டது என்று ஆதாரம் கொண்டுவந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுவார்கள். இல்லையென்றால் அவள் குளத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"இவங்க ஆளுங்களே யாருக்காவது வித்திருப்பாங்க அக்கா" என்றாள் பக்கத்தில் நின்ற குருவி.

குருவி என்பது உதவி டீச்சர். வேலைக்குச் சேர்ந்த அன்று குளத்தோரம் வெடவெடவென்று நின்ற ஒல்லிக்குச்சிக்கு இவள் வைத்த செல்லப் பெயர். தனியாக இருக்கும்போது மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சின்ன டீச்சர். இந்த நாலைந்து நாளாக எல்லா வகுப்பையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், பாவம். வகுப்பு முடிந்த கையோடு துணைக்கு ஓடி வந்ததில், டீச்சரின் விசில் அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எங்க ஆளுங்க திறந்திருந்தா அவங்க பேரோட பதிவாகியிருக்கும் மேடம். இருங்க, பார்த்துச் சொல்றேன்."

"அவர் கம்ப்யூட்டர், அவர் சொல்றதுதான் கணக்கு. வாங்கக்கா, மேலதிகாரியையே போய்ப் பார்ப்போம்" என்று குருவி கையைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சர் அசையவில்லை. பதில் தெரியாமல் இந்த இடத்தை விட்டு நகர்வதாக இல்லை.

எழுத்தர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மருத்துவமனையில் அவளுடைய டாக்டரைத் தவிர ஒருவரும் அந்தக் கோப்பைத் தொடவில்லை. நோயாளிகள் தங்கள் ரிப்போர்ட்டை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு இணையப் பக்கம் இருக்கிறதே, அதன் வழியாகத்தான் திறந்திருக்கிறார்கள். அதுவும் அவள் கணக்கிலேயே. போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு.

"அந்த நேரத்துல நான் மூணாம் கிளாஸ் பசங்களோட தண்ணிக்குள்ள நிக்கிறேன் சார். நான் எப்படித் திறக்க முடியும்?"

குருவி அவள் காதருகே குனிந்தாள். "சொல்லக் கூடாதுதான். வீட்டுல விசாரிச்சீங்களா அக்கா? உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு லீவுன்னு சொன்னீங்களே."

டீச்சருக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. கணவன் அந்த மாத்திரையைப் பற்றி இரண்டு மூன்று தரம் கேட்டதுண்டு. கட்டினவளின் கோப்பைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறவனோடு ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? இன்று வீட்டுக்குப் போனதும் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக முடிவு செய்தாள்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொல்லித்தான் உள்ளே போயிருக்காங்க" என்றார் எழுத்தர். "அதுக்கு உங்க ஆஸ்பத்திரி அட்டையில இருக்கிற நம்பர் போதும். அப்புறம் நீங்க பதிவு பண்றப்போ தேர்ந்தெடுத்த ரகசியக் கேள்வி வரும். மூணு தடவை தப்பாச் சொன்னா கணக்கு பூட்டிக்கும். இவங்க முதல் தடவையே சரியாச் சொல்லியிருக்காங்க."

டீச்சருக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் சொந்த ஊர், படித்த முதல் பள்ளி என்று வரிசையாகக் கேள்விகள் இருந்தன. அதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே என்று வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"என்ன கேள்வி சார் அது? படிங்க."

"'நீங்கள் மிகவும் நம்பும் நபர் யார்?'" எழுத்தர் அந்தப் பக்கத்தை அச்சிட்டு நீட்டினார். "பதில் எங்களுக்குத் தெரியாது மேடம், புள்ளி புள்ளியாத்தான் காட்டும். அது உங்களுக்குத்தான் தெரியும்."

டீச்சர் காகிதத்தை வாங்கி மடித்தாள். கணவனாக இருந்தால் மூன்று தடவையும் தன் பெயரைத்தான் போட்டுக் கணக்கைப் பூட்ட வைத்திருப்பான். அன்று பத்து இருபதுக்கு அவளுடைய கைப்பையும், அதற்குள் மருத்துவமனை அட்டையும் குளக்கரைப் பெஞ்சில்தான் இருந்தன, பத்திரமான காவலோடு.

திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினாள்.

"விசிலைக் கழட்டிக் கொடு, குருவி."