மூன்று சொட்டு ஜெய்ராம்

சஹானா ஒரு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சியை, ஜெய்ராம் தன் பெயரில் கொடுத்துப் பரிசும் வாங்கிவிட்டான். மறுநாள் மதியம் கல்லூரி லேபுக்கு வந்து, அவள் மேஜைமேல் குனிந்து தேம்பினான்.

"தப்புதான்டி, மன்னிச்சுடு. சின்ன வயசுல லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்ல ஒரே மாடிப்படியில விளையாடினவா நாம."

மூன்று சொட்டுக் கண்ணீர் மேஜையிலிருந்த வாட்ச் கிளாஸ் என்ற குழிந்த கண்ணாடித் தட்டில் விழுந்தது. மன்னிக்கத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் ஏமாந்தவள், அதோடு கெமிஸ்ட்ரிக்காரி. ஒரு சொட்டை எடுத்து சில்வர் நைட்ரேட்டில் விட்டாள். உப்பு இருந்தால் அது பால்போல வெளுக்கும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரே அதில் வெளுத்தது. ஜெய்ராமின் கண்ணீர் வெளுக்கவில்லை. மீதியைச் சூடேற்றி வற்றவிட்டாள். கண்ணாடியில் ஒரு பொட்டு வெள்ளைகூட மிஞ்சவில்லை.

"என்னடா இது? உப்பே இல்லையே!"

"தூர், போடி! சாம்பிள் பத்தலை, அவ்வளவுதான்."

அவன் தேம்பலை நிறுத்திவிட்டு, பெரிய பீக்கர் ஒன்றை எடுத்துத் தாடைக்கடியில் பிடித்தான். கண் இமைக்கவில்லை. பீக்கர் விளிம்புவரை நிரம்பியது.

"இந்தா, எவ்வளவு வேணுமோ டெஸ்ட் பண்ணிக்கோ. மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லு."

சஹானா தலையை ஆட்டி மறுத்தாள்.

ஜெய்ராம் சிரித்துக்கொண்டே அடுத்த பீக்கரை எடுத்தான்.